லைனை நிறுத்தச் சொன்ன நிர்வாகம்: ஃப்ரீமான்ட் கார் ஆலை, ஒரு நிகழ்வு ஆய்வு

உருப்படாதவர்கள் என்று பெயர் வாங்கிய தொழிலாளர்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்களை நடத்தும் நிர்வாகத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? பணியிடப் பண்பாடு பற்றிப் பேசும் எல்லோரும் கேட்க விரும்பும் கேள்வி இது. அதே கட்டடம், அதே சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள் என்று எல்லாம் பொருந்திவரும் வாய்ப்பு மிக அரிது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில், 1984-இல் அது பொருந்தி வந்தது.

சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கம் இருக்கும் அந்த ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஒரு கார் ஆலையை அமைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடிய பிறகு 1982-இல் அதை இழுத்து மூடியது. மூடும்போது அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று என்ற பெயர் அதற்கு இருந்தது. சாதாரண நாளில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். திங்கட்கிழமை காலையில் லைனை, அதாவது கார்கள் ஒவ்வோர் இடமாக நகர்ந்து உருவாகும் அசெம்பிளி வரிசையை, தொடங்கப் போதுமான ஆட்கள் இருக்கமாட்டார்கள். வேலை நேரத்திலேயே குடி, போதைப்பொருள், சூதாட்டம் எல்லாம் நடந்தன. சங்கம் கொடுத்த குறை மனுக்கள் ஆயிரக்கணக்கில் தீர்வின்றிக் குவிந்து கிடந்தன. கோபம் தலைக்கேறிய சிலர் காரின் கதவுக்குள் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் அது கடகடவென்று சத்தம் போட்டு அவரை எரிச்சலூட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

இவ்வளவையும் கேட்டால் ஆட்கள் சரியில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடமும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் அந்த ஆலையில் எல்லா விதிகளுக்கும் மேலான ஒரு விதி இருந்தது: லைன் நிற்கக் கூடாது. எத்தனை கார் வெளியே வந்தது என்பது ஒன்றுதான் ஃபோர்மேனை அளக்கும் அளவுகோல். போல்ட் சரியாக இறங்கவில்லை என்று தெரிந்தாலும் அந்தக் கார் அப்படியே அடுத்த இடத்துக்குப் போகும். கதவு பொருந்தாவிட்டாலும் போகும். குறையுள்ள கார்கள் கடைசியில் முற்றத்தில் வரிசையாக நிற்கும். அவற்றைப் பிரித்துத் திருத்துவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் லைனுக்குக் கீழே இருந்த குழியில் விழுந்தபோதுகூட லைனை நிறுத்தவில்லை என்று அங்கு வேலை பார்த்தவர்கள் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

தப்பு என்று தெரிந்ததை நாள் முழுவதும் தன் கையாலேயே செய்யும்படி ஒரு மனிதனை வைத்திருந்தால், அவனுக்குத் தன் வேலைமேல் மதிப்பு இருக்காது. எனக்கு அந்த ஆலையின் குடியும் கோக் பாட்டிலும் நோயாகத் தெரியவில்லை. நோயின் அறிகுறிகளாகத்தான் தெரிகின்றன.

புதிய ஏற்பாடு

1983 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அந்த ஆலையைத் திறக்கப்போவதாக அறிவித்தன. இருவருக்கும் தேவை இருந்தது. லாபத்தோடு சிறிய கார் செய்யும் வித்தை ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கைவரவில்லை. ஜப்பானியக் கார்களின் இறக்குமதிக்கு 1981 முதல் வரம்பு இருந்ததால், அமெரிக்க மண்ணில் அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டு தன் முறைப்படி உற்பத்தி செய்ய முடியுமா என்று டொயோட்டா அறிய வேண்டியிருந்தது. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபாக்சரிங் என்ற அந்தக் கூட்டு நிறுவனத்தைச் சுருக்கமாக நம்மி என்றார்கள். பங்கு சரிபாதி, அன்றாட நிர்வாகம் டொயோட்டாவிடம். டொயோட்டாவை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்த டட்சுரோ டொயோடா முதல் தலைவராக வந்தார். 1984 டிசம்பரில் முதல் கார், ஒரு ஷெவர்லே நோவா, லைனிலிருந்து இறங்கியது.

யுனைடெட் ஆட்டோ வொர்க்கர்ஸ் சங்கம் உள்ளே வருவதில் டொயோட்டாவுக்கு முதலில் விருப்பமில்லை. அமெரிக்காவின் முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் உசெரி நடுவில் நின்று பேசினார். சங்கத்தை ஏற்பது, பழைய தொழிலாளர்களிலிருந்தே பெரும்பகுதியை எடுப்பது என்று முடிவானது. தொடக்கத்தில் எடுத்தவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் பழைய ஆலையின் ஆட்கள். நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிய சங்கப் பொறுப்பாளர்களும் அவர்களில் இருந்தார்கள். 'பிரச்சினைக்காரர்'களை வடிகட்டிவிட்டு நல்ல பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு வென்ற கதை இல்லை இது.

சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. நிறுவனத்தின் இருப்புக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு செய்யமாட்டோம். அப்படி ஆபத்து வந்தாலும் முதலில் உயர் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்திருக்கும் வேலைகளைத் திரும்ப உள்ளே கொண்டுவருவோம், அதன் பிறகுதான் தொழிலாளியிடம் வருவோம். இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் நெருக்கடி வந்தால் வெட்டு கீழிருந்து தொடங்கி மேலே போகும்போது ஓய்ந்துவிடும். இங்கே மேலிருந்து தொடங்குவோம் என்று எழுதியே கொடுத்தார்கள்.

பழைய ஆலையில் 80-க்கும் மேற்பட்ட பணிவகைகள் இருந்தன. உன் வேலை இது, அவன் வேலை அது என்று இரு தரப்பும் கோடு கிழித்துக் காவல் காத்தன. புதிய ஆலையில் உற்பத்திப் பணிக்கு ஒரே வகைதான். ஐந்தாறு பேர் கொண்ட குழு, அதற்கு ஒரு டீம் லீடர். அவரும் சங்க உறுப்பினரே. அதிகாரிகளுக்குத் தனி வாகன நிறுத்துமிடமோ தனி உணவுக்கூடமோ கிடையாது. எல்லோருக்கும் ஒரே கேன்டீன்தான். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் பலரும் முதலில் எடுத்துச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் மேலாளரும் தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. மாற்றம் நிகழ்ந்த இடம் லைன்.

கயிறு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டான், அதாவது குறை கண்ட தொழிலாளியே லைனை நிறுத்த உதவும் ஏற்பாடு, புதிய சொல் இல்லை. 1984-இன் அமெரிக்கத் தொழிலாளிக்கு அது நம்பவே முடியாத ஒன்றாக இருந்தது. லைன் நெடுகிலும், கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கயிறு ஓடுகிறது. கார் ஒருவர் முன்னால் ஏறக்குறைய ஒரு நிமிடம் நகர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் அவர் தன் வேலையை முடிக்க வேண்டும். திருகு ஏறவில்லை, அல்லது பாகம் சரியில்லை, அல்லது வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றால் கயிற்றை இழுக்கிறார். மேலே இருக்கும் பலகையில் அவருடைய இடத்தின் எண் ஒளிர்கிறது. அந்தப் பகுதிக்கென்று வைத்த மெட்டு ஒன்று ஒலிக்கிறது. லைன் உடனே நின்றுவிடுவதில்லை. தரையில் குறித்திருக்கும் எல்லையைக் கார் தொடும்வரை நகர்கிறது. அந்தச் சில நொடிகளுக்குள் டீம் லீடர் வந்து நிற்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் மறுபடி ஓர் இழுப்பு, மெட்டு நிற்கும், லைன் போய்க்கொண்டே இருக்கும். முடியாவிட்டால் எல்லையில் லைன் நிற்கும்.

டொயோட்டாவில் பணியாற்றிய முதல் அமெரிக்கர்களில் ஒருவரான ஜான் ஷூக் இந்த ஆலைக்கான பயிற்சியை வடிவமைத்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் நம்மியைப் பற்றி விரிவாக எழுதியவரும் அவர்தான். லைனை நிறுத்தும் உரிமையை இந்தத் தொழிலாளர்களுக்கா கொடுக்கப்போகிறீர்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பினர் திகைத்துக் கேட்டதையும், உரிமையாக இல்லை, கடமையாகவே கொடுக்கிறோம் என்று ஜப்பானியர்கள் பதில் சொன்னதையும் அவர் பதிவுசெய்திருக்கிறார்.

கயிற்றைக் கட்டுவது எளிது. இழுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இழுத்தவரைப் பார்த்து "உன்னால்தான் நின்றது" என்று ஒருமுறை யாராவது முறைத்தால் போதும், அந்த வரிசையில் இனி எவரும் கயிற்றைத் தொடமாட்டார்கள். நம்மியில் வந்து நின்ற டீம் லீடர் கேட்டது 'என்ன பிரச்சினை' என்றுதான், 'யார் செய்தது' என்று கேட்கவில்லை. பழைய ஆலையில் ஃபோர்மேன் ஒருவர் தன்னை நோக்கி வந்தால் திட்டு விழப்போகிறது என்று பொருள். இப்போது உதவி வருகிறது என்று பொருள். இருபது ஆண்டுப் பழக்கம் இப்படித் தலைகீழாவதற்கு ஒரு சொற்பொழிவு போதாது. நாளுக்குப் பலமுறை, ஒவ்வொரு இழுப்பிலும், அதே மறுமொழி கிடைக்க வேண்டும்.

அதனால்தான் உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே டீம் லீடர்களையும் அவர்களுக்கு மேலிருந்த பொறுப்பாளர்களையும் நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். டொயோட்டா நகரத்தின் டகாஒகா ஆலையில் சில வாரங்கள் ஜப்பானியத் தொழிலாளர்களோடு நின்று வேலை செய்தார்கள். தாங்கள் பின்தங்கும்போது ஒருவர் ஓடிவந்து கைகொடுப்பதை அங்கேதான் முதன்முதலில் உடம்பால் உணர்ந்தார்கள். விடைபெறும் நாளில் பலர் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். முரடர்கள் என்று பெயரெடுத்த மனிதர்கள்! ஷூக் இதிலிருந்து பெற்ற முடிவை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மனிதர்களின் எண்ணத்தை மாற்றினால் நடத்தை மாறும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஃப்ரீமான்ட்டில் முதலில் செய்யும் முறை மாறியது, எண்ணம் அதன் பின்னால் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு பொறியாளர் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்று, இந்த வேலைக்கு இத்தனை நொடி என்று எழுதிக்கொண்டு போவார். தொழிலாளி அவர் முன்னால் மெதுவாகச் செய்து காட்டுவார். அவர் போனதும் தனக்குத் தெரிந்த குறுக்குவழியில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நம்மியில் ஸ்டாப்வாட்சைத் தொழிலாளர்கள் கையிலேயே கொடுத்தார்கள். குழுவினர் ஒருவர் வேலையை மற்றவர் அளந்து, எந்த முறை பாதுகாப்பானது, எது விரைவானது என்று பேசி, தங்கள் பணிமுறையைத் தாங்களே எழுதினார்கள். 1991-இல் தொழிலாளர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் யோசனை எழுதிக் கொடுத்தார்கள். வந்தவை 10,000-க்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை நடைமுறைக்கும் வந்தன. யோசனைப் பெட்டியை மாட்டி வைத்துவிட்டு அது காலியாகக் கிடப்பதைப் பார்த்து வருந்தும் அலுவலகங்கள் கடைசி விவரத்தைக் கவனிக்க வேண்டும்.

விளைவு

வேலைக்கு வராதோர் விகிதம் 20-லிருந்து 2 முதல் 4 விழுக்காடு என்ற அளவுக்கு இறங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 1980-களின் நடுவில் மூன்று ஆலைகளை ஒப்பிட்டார்கள். ஒரு காரை அசெம்பிள் செய்ய டகாஒகாவில் 16 மணி நேர உழைப்பு, நம்மியில் 19, ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலையில் 31. நூறு காருக்கு எத்தனை குறை என்று பார்த்தால் டகாஒகாவிலும் நம்மியிலும் 45, ஃப்ராமிங்ஹாமில் 130-க்குக் குறையாது. திறந்து இரண்டு ஆண்டுக்குள், குடித்துவிட்டு வேலை செய்கிறார்கள் என்று ஒதுக்கப்பட்ட அதே மனிதர்கள் தரத்தில் ஜப்பானியத் தாய் ஆலையோடு சமமாக நின்றார்கள். பெரிய எந்திரப் புரட்சி எதுவும் அங்கே நடக்கவில்லை. அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாக்குறுதிக்குச் சோதனை 1988-இல் வந்தது. நோவா விற்பனை சரிந்தது. ஆலை தன் திறனில் 60 விழுக்காட்டுக்கும் கீழே ஓடியது. அமெரிக்கக் கார்த் தொழிலின் வழக்கப்படி அடுத்த வாரமே வீட்டுக்கு அனுப்பும் கடிதம் வந்திருக்க வேண்டும். யாரையும் அனுப்பவில்லை. வேலையில்லாத நேரத்தில் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், பணிமுறைகளை மேம்படுத்தும் வேலையில் ஈடுபடுத்தினார்கள். லைனில் பிரச்சினையைச் சொன்னால் தண்டனை இல்லை என்பதும், திறமையாக வேலை செய்து நேரத்தை மிச்சப்படுத்தினால் அதனாலேயே தன் வேலை போய்விடாது என்பதும் ஒரே நம்பிக்கையின் இரண்டு பக்கங்கள். 1988-இல் அந்த வாக்கை மீறியிருந்தால் 1991-இல் 10,000 யோசனை வந்திருக்காது.

நம்மியின் இரண்டாவது தலைவரான கான் ஹிகாஷி, ஃபோர்டிலிருந்து வந்து பொறுப்பேற்ற கேரி கான்விஸுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு: உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லாததுபோல நிர்வகியுங்கள். ஆணையிட முடியாது என்றால் ஒருவர் விளக்க வேண்டியிருக்கும், கேட்க வேண்டியிருக்கும், நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். கான்விஸ் பின்னாளில் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் டொயோட்டா ஆலையின் தலைவராக உயர்ந்தார்.

கேட்காத கயிறு

நம்மியைச் சொர்க்கமாகக் காட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய முழு நிமிடமும் கை ஓய்வில்லாமல் வேலை செய்வது உடலைக் கசக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதிய மாடல் கார்களைக் கொண்டுவந்தபோது காயங்கள் பெருகின. தோள், மணிக்கட்டு, முதுகு என்று வலி சொன்னவர்களை மேலிடம் உடனே கேட்கவில்லை. திருகு ஏறாவிட்டால் சில நொடிகளில் ஆள் வந்து நிற்கும் ஆலையில், மணிக்கட்டு வலிக்கிறது என்ற குரல் மாதக்கணக்கில் காத்திருந்தது. 1993 ஜனவரியில் கலிஃபோர்னியா மாநிலத்தின் பணிப் பாதுகாப்புத் துறை ஆலைமீது நடவடிக்கை எடுத்தது. சங்கத்துக்குள்ளேயே, நிர்வாகத்தோடு இழைந்துபோன தலைமைக்கு எதிராக ஓர் அணி வலுத்தது.

அந்த அணியை நல்லிணக்கத்தைக் கெடுத்தவர்களாகச் சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. லைனுக்கு ஆண்டான் கயிறு என்றால் நிர்வாகத்துக்கு அந்த அணிதான் கயிறு. ஒத்துழைப்பு நல்ல சொல்லாக இருக்கும் இடத்தில் எதிர்த்துப் பேசுவது கெட்ட சொல்லாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. சுயேச்சையான சங்கமும் அரசின் கண்காணிப்பும் இல்லாமலிருந்தால் ஆலை தன்னைத் திருத்திக்கொள்ள இன்னும் நீண்ட காலம் எடுத்திருக்கும். பிறகு பணியிட உடல்நல நிபுணர்களை அமர்த்தி, புதிய மாடலைத் திட்டமிடும்போதே எந்த அசைவு உடலை வருத்தும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். 1995-இன் டிரக் மாடல் மாற்றம் முந்தையதைவிட நன்றாகவே நடந்தது.

ஏன் பரவவில்லை

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் கூட்டில் நுழைந்ததே கற்றுக்கொள்ளத்தான். தன் மேலாளர்களைச் சிறு குழுவாக அனுப்பியது. அவர்கள் நன்றாகவே கற்றார்கள். திரும்பியபோது நிறுவனம் அவர்களை ஆளுக்கொரு திசையில் சிதறடித்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் இதே குழுமுறையைக் கொண்டுவர முயன்றார்கள். ஆலையை மூடிவிடுவார்கள் என்ற அச்சம் தலைக்குமேல் தொங்கியது. பணிமூப்பு போய்விடும் என்று தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். ஃபோர்மேன்களுக்கும் தங்கள் அதிகாரம் கரைவது பிடிக்கவில்லை. கயிறு வந்தது, இழுத்தவர்களுக்கோ ஏச்சு விழுந்தது. 1992-இல் ஆலை மூடப்பட்டது.

அதே 1992-இல் ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஐசனாக் நகரில் அந்நிறுவனத்தின் ஓப்பல் பிரிவு திறந்த ஆலை வெற்றி பெற்றது. நம்மியிலும், கனடாவில் சுசுகியோடு நடத்திய இன்னொரு கூட்டு ஆலையிலும் பழகிய மேலாளர்கள் அங்கே ஒரு குழுவாகவே போயிருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. வான் நைஸுக்குப் போனது ஒரு முறை, ஐசனாக்குக்குப் போனது அந்த முறையில் வாழ்ந்து பழகிய தலைமை. கயிறு இழுக்கப்பட்ட கணத்தில் எப்படி நடந்துகொள்வது என்று கையேட்டில் படித்த மேலாளருக்கும், அதையே பல ஆண்டுகள் செய்த மேலாளருக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலாளி ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

2009 ஜூன் முதல் நாள் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. அதே மாதம் நம்மியிலிருந்து விலகியது. தனியாக நடத்த டொயோட்டா விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கார், ஒரு டொயோட்டா கரோலா, லைனிலிருந்து இறங்கியது. அதுவரை அங்கே ஏறத்தாழ 80 லட்சம் வண்டிகள் உருவாகியிருந்தன. 4,700 பேருக்கு வேலை போயிற்று. சில வாரங்களில் டெஸ்லா நிறுவனம் 4.2 கோடி டாலருக்கு ஆலையை வாங்கியது.

பண்பாடு இவ்வளவு நன்றாக இருந்தும் ஆலை மூடப்பட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஃப்ரீமான்ட்டின் தலைமை தன் கைக்குள் இருந்தவற்றை மாற்றியது. மூடும் முடிவு இரண்டு நிறுவனங்களின் தலைமையகங்கள் இருக்கும் டெட்ராய்ட்டிலும் டொயோட்டா நகரத்திலும் எடுக்கப்பட்டது. 1985-இல் ஆட்குறைப்பில்லை என்று எழுதிக்கொடுத்தவர்களின் வாக்கு அந்த இரண்டு ஊர்களின் கணக்குப்புத்தகங்களைக் கட்டுப்படுத்தவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் குறையைக் கண்டதும் கையை உயர்த்திக் கயிற்றை இழுக்கக் கற்ற தொழிலாளர்களுக்கு, அந்த முடிவு எடுக்கப்பட்ட அறைகளில் இழுக்க எதுவும் கொடுக்கப்படவில்லை.